தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டது யார்?

நான் லாரியை நியூட்ரலில் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும் அதிகாரி பொய் சொல்கிறார். அவர் ஹைதராபாத்தில் ஏசி அறையில் இருக்கிறார். அவரைக் கேட்கத்தான் சங்ககிரியிலிருந்து கிளம்பிப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆனாலும் நான்கு நாள் ஓரிடத்தில் அலைந்தால் அந்த ஊரும் கண்ணில் படத்தான் செய்யும். இந்தப் பத்திரிகைக்கு அதையும் சேர்த்தே எழுதுகிறேன். லாரி தயாரிக்கும் கம்பெனியின் பெயரை எழுதவில்லை. டிரைவர் சங்கத்தில் வேண்டாம் என்றார்கள். படிக்க வேண்டியவருக்குப் புரியும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தாறு வருட ஸ்டியரிங் பழக்கம். போன வருடம் முதலாளி புது மாதிரி லாரி ஒன்று வாங்கினார். பதினான்கு சக்கரம். கிளட்ச் கிடையாது. குமிழைத் திருகி 'டி'யில் வைத்துவிட்டால் பன்னிரண்டு கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும். தெலங்கானாவிலிருந்து நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு அதில் மக்காச்சோளம் ஏற்றி வந்துகொண்டிருந்தோம், நானும் இரண்டாவது டிரைவர் பெருமாளும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். மேட்டின் தலையில் என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. வண்டி அலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "நல்லாத்தான் போகுது பாரு" என்று பெருமாளிடம் சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் என் வாயில் கசக்கிறது.

வேகம் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். கியர் விழுந்தது, ஆனால் பன்னிரண்டாவது கியர். முப்பது டன் சோளத்தை இறக்கத்தில் பன்னிரண்டாவது கியர் பிடித்து நிறுத்தாது. என்ஜினை வைத்தே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டேன். மேல் கியரில் அதற்குப் பலமில்லை. கியரைக் குறைக்கச் சொல்லி ஸ்டியரிங் ஓரத்துக் குச்சியை இழுத்தேன். பீப் பீப் என்று கத்திவிட்டு மறுத்துவிட்டது. அந்த வேகத்தில் கீழ்க் கியர் போட்டால் என்ஜின் உடைந்துவிடும் என்று அதற்குக் கவலை. எங்கள் எலும்பைப் பற்றி அதற்கென்ன கவலை. பிரேக் டிரம்மிலிருந்து புகை வந்தது. மூன்றாவது வளைவில் எவ்வளவு மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு காலேஜ் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஓரத்து மண்மேட்டில் உரசி உரசிக் கொண்டுபோய்ச் சொருகினேன். பெருமாளுக்கு இரண்டு காலும் முறிந்தது. ரோடு முழுக்கச் சோளம்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வண்டியின் பதிவுக் கருவியைப் படித்துப் பார்த்தார்களாம். இறக்கத்தின் தொடக்கத்தில் கியர் நியூட்ரலில் இருந்ததாம். டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர் நியூட்ரலில் ஓட்டியதே விபத்துக்குக் காரணமாம். முதலாளி அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார். லைசென்ஸை ஏன் பறிக்கக் கூடாது என்று கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து தபால் வந்தது. ஆஸ்பத்திரியில் பெருமாளின் மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீ நியூட்ரல் அடிச்சியாமா?" என்று பெருமாளே கேட்டான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவனே கேட்டான்.

நான் நியூட்ரல் அடிக்காதவன் என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் எல்லோரையும் போல நானும் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் காட்டியவன்தான். முதலாளிகளும் அதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். அதே கணவாயில் என்னோடு ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒருத்தன் போய்ச் சேர்ந்த பிறகு விட்டேன். பதினேழு வருடமாகத் தொட்டதில்லை. செய்யாத நேரத்தில் செய்தேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

செகந்திராபாத்தில் காலையில் இறங்கினேன். என் மனைவியின் தம்பி குமரவேல் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ரயில்வேயில் வேலை, மல்காஜ்கிரியில் வீடு. ஆட்டோவில் போனோம். இருபத்தாறு வருடம் ஓட்டியவனைப் பின் சீட்டில் உட்கார வைப்பது போல ஒரு தண்டனை கிடையாது. அந்த ஆட்டோக்காரர் பிரேக் போட வேண்டிய இடத்தில் எல்லாம் ஹாரன் அடித்தார். என் வலது கால் தகரத்தை மிதித்து மிதித்து ஓய்ந்தது.

"மாமா, காலை எடுங்க. ஓட்டை விழுந்துரும்" என்றான் குமரவேல்.

வீட்டில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, காரப்பொடி, நெய். நம் ஊர்ச் சட்னியை நினைத்து வாயில் வைத்தால் காரம் காதுவரை போகிறது. குமரவேலின் மகள் பத்து வயது. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். அவள் அம்மா அதட்டினால் இந்திக்கு மாறுகிறாள். "தின்னாரா மாமய்யா?" என்று அவள் கேட்டது மட்டும் நன்றாக இருந்தது. இரண்டு மாதமாக என்னிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எப்படி ஓட்டினாய் என்றுதான் கேட்டார்கள்.

கம்பெனி ஆபீஸ் ஊருக்கு வெளியே, ரிங் ரோட்டுப் பக்கம். குமரவேலுக்கு டூட்டி. தனியாகப் போனேன். பேட்டரி பஸ் ஒன்று கிடைத்தது. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். கியர் கட்டையே இல்லை. ஒரு மேம்பாலத்து இறக்கத்தில் டிரைவர் காலை எடுத்ததும் வண்டி தானாக இழுத்துப் பிடித்தது. எனக்குத் தெலுங்கு ரோட்டில் கற்றுக்கொண்ட அளவுக்கு வரும். பிரேக் போட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. காலை எடுத்தா மோட்டாரே பிடிச்சுக்கும். பேட்டரியும் ஏறும்" என்றார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க லாரியா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நான் பிரேக் போடும்போதெல்லாம் நீங்களும் போடறீங்க."

காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும் வண்டியை ஊருக்குள் முழங்கால் உயரப் பாலத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலையில் இறங்குகிறவனுக்குக் காலை எடுத்தால் விட்டுவிடும் வண்டி. யார் யோசித்துச் செய்தார்களோ.

ஆபீசில் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு. சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாதபடி உள்ளே இழுக்கிறது. சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார் வரவேற்பில் இருந்த பெண். தண்ணீர் கொடுத்தார். ஒரு மணிக்கும் மீட்டிங். மூன்றுக்கும் மீட்டிங். பசித்தது. எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து அவர் கிளம்பிவிடுவாரோ என்று நகரவில்லை. கதவு திறந்து மூடும்போது உள்ளேயிருந்து அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "இன்னொரு டிரைவர் வந்து உட்கார்ந்திருக்கான். தமிழ்நாட்டு ஆள். அவங்க எல்லாரும் இதையேதான் சொல்வாங்க" என்றார் தெலுங்கில். எனக்குப் புரியாது என்ற தைரியம். 'இன்னொரு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் எனக்கு முன்னால் யாரோ வந்திருக்கிறான்.

நான்கு மணிக்குப் பையோடு வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். நின்றுகொண்டே இந்தியில் பேசினார். "மெஷின் பொய் சொல்லாது. உங்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." ஒரு பெண்ணிடம் சொல்லி ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் செய்தார். என் கையெழுத்துதான். 'பன்னிரண்டு பக்கமும் விளக்கப்பட்டது' என்ற வரிக்கு நேராக டிக் அடித்திருந்தது. "ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மெயில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். ஆறு மணி நேரம் காத்திருந்ததற்கு அரை நிமிடம்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி வயதான மனிதர். முன்பு லாரி கிளீனராக இருந்தவராம். டீ வாங்கிக் கொடுத்தார். இந்த ஊர் டீக்கடையில் பாதி கிளாஸ்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அது நம் ஊர் இரண்டு கிளாசுக்குக் கெட்டி. நடந்ததைச் சொன்னேன்.

"கையெழுத்து வாங்கினவர் யார்? பாடம் நடத்தினவர்?" என்றார்.

நினைவுக்கு வந்தார். எங்கள் ஷெட்டுக்கே வந்து வகுப்பு எடுத்தவர். புதுவிதமான தமிழ் பேசினார், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றார். 'நக்கோ நக்கோ, குமிழைத் தொடாதீங்க, டி-லயே விடுங்க' என்று சொன்னதை வைத்து நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

"ஜெயராஜ் சார். அவர் விலகி எட்டு மாசமாச்சு. ஏ.எஸ்.ராவ் நகர்ல டிரைவிங் ஸ்கூல்ல கார் கத்துக் கொடுக்கறார்" என்றார் செக்யூரிட்டி.

இரண்டாம் நாள் ஏ.எஸ்.ராவ் நகருக்குக் கிளம்பினேன். தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். போர்டில் ஊர்ப்பெயர் தெலுங்கில் இருந்தது. பேசத் தெரிந்த எனக்குப் படிக்கத் தெரியாது. கண்டக்டரம்மா என்னை ஏதோ ஒரு ரவுண்டானாவில் இறக்கிவிட்டார். "நேரா போங்க, பத்து நிமிஷம்" என்று அங்கே கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நடந்தேன். எல்லா ஊரிலும் வழி கேட்டால் பத்து நிமிடம்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

டிரைவிங் ஸ்கூலில் அவர் இல்லை. சைனிக்புரிப் பக்கம் ஒரு அம்மாவுக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். அங்கே ரோடு காலியாக இருக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு வசதி. போய்ப் பார்த்தால் மரம் அடர்ந்த தெருவில் எல் போர்டு மாட்டிய ஆட்டோமேட்டிக் கார் நின்றிருந்தது. ஜெயராஜ் கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாதது மாதிரி இருக்க ஒரு நொடி முயற்சி செய்தார்.

"ஏனுங்க, சங்ககிரிங்க. உங்ககிட்டப் பாடம் படிச்சவனுங்க" என்றேன்.

"ஹவ், ஆமா, தெரியுது. பின்னாடி ஏறுங்க. இந்த அம்மா க்ளாஸ் முடியட்டும்."

ஏறினேன். அந்த அம்மா அறுபது வயதுக்காரர், ராணுவத்தில் இருந்தவரின் மனைவி. ஒரு இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு போனார். ஜெயராஜ் சொன்னார்: "மேடம், பிரேக்கை அமுக்கிட்டே இறங்காதீங்க. சூடாகும். கட்டையைக் கீழே தள்ளி எல்-ல, கீழ்க் கியர்ல போடுங்க. இறங்கறதுக்கு முன்னாடி போடுங்க, இறங்கின பிறகு இல்லை." கார் முனகிக்கொண்டு நிதானமாக இறங்கியது. நான் பின்னாலிருந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் போகிற காருக்கு, பனைமர உயரம்கூட இல்லாத இறக்கத்துக்கு, இந்தப் பாடம். முப்பது டன் ஏற்றுகிறவனுக்கு 'டி-லயே விடுங்க, தொடாதீங்க'.

அந்த அம்மா போன பிறகு அதைக் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

"காய்கூ, என்னை ஏன் இழுக்கறீங்க இதுல?" என்றார். அவர் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். கோபம் வந்தால் தமிழ் பாதியாகிவிடுகிறது. "ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கு. நான் வாயைத் திறந்தா என்னைத்தான் பிடிப்பாங்க. நக்கோ சாமி. போயிடுங்க."

"பெருமாளுக்கு ரெண்டு காலுங்க. இன்னும் நடக்கலீங்க."

அவர் திரும்பிக்கொண்டார். கார்க் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். குமரவேலின் விலாசத்தைச் சீட்டில் எழுதி வைப்பர் கத்திக்கு அடியில் சொருகிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று வீட்டில் பருப்பும் கோங்குராக் கீரையும் சோறும். குமரவேல் மனைவி நிறையப் போட்டார். இறங்கவில்லை. "விட்டுட்டு ஊருக்குப் போய் ஆட்டோ ஓட்டுங்க மாமா" என்றான் குமரவேல். அக்கறையில்தான் சொன்னான். ஆட்டோ ஓட்டவும் அதே லைசென்ஸ் வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டியது ஜெயராஜ். கையில் ஒரு பழைய புத்தகம், கம்பெனியின் பயிற்சிப் புத்தகம். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம்.

"அந்தக் கடிதத்தோட ஒரு சார்ட் வந்திருக்குமே. காட்டுங்க" என்றார்.

இருந்தது. கடிதம் வந்த நாளிலிருந்து என் பையிலேயே இருந்தது. கட்டம் கட்டமாக எண்கள், மேலே இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்கள். சங்ககிரியில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. வக்கீலும் கடிதத்தைத்தான் படித்தார். ஜெயராஜ் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து விரலால் ஓட்டினார்.

"இது நேரம். இது வேகம். இது கியர் பாக்ஸ் உள்ளே எந்த நிலையில இருக்குதுன்னு. பாருங்க, இந்த இடத்துல என். நியூட்ரல். அவங்க எழுதினது சரி." அடுத்த கட்டத்துக்கு விரலை நகர்த்தினார். "இது உங்க கை குமிழை எங்கே வெச்சிருந்ததுன்னு. என்ன எழுத்து?"

டி. மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் டி.

"அப்ப நியூட்ரல் யாருங்க போட்டது?"

"சொன்னா நம்பமாட்டீங்க. வாங்க, காட்டறேன்."

அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் அதே மாதிரி லாரி இருந்தது. ஜல்லி ஏற்றிக்கொண்டு ரிங் ரோடு வழியாகப் போகும் நடை. அந்த டிரைவர் முப்பது வயதுக்காரர், கரீம்நகர்ப் பக்கத்து ஆள். வழியில் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார். காலை ஒன்பது மணிக்கு மிளகாய் பஜ்ஜி தின்கிற ஊர். நான் பஜ்ஜியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். விபத்துக்குப் பிறகு லாரியில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

ரிங் ரோட்டில் மலையெல்லாம் கிடையாது. பாறைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் ரோடு, அவ்வளவுதான். ஒரு மேட்டின் தலைக்கு வந்தோம். "கண்ணை டேஷ்போர்டுல வைங்க" என்றார் ஜெயராஜ். டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேறெதையும் தொடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

என்ஜின் சத்தம் அடங்கியது. அதே அடக்கம். வண்டி அலுங்காமல் வழுக்கியது. டேஷ்போர்டில் பன்னிரண்டு என்ற எண் போய், ஓரத்தில் சின்னதாக 'என்' என்று வந்தது.

என் இடது கை தானாகக் கீழே போய் இல்லாத கியர் கட்டையைத் தேடியது. ஓட்டுகிற சீட்டில் நான் இல்லை என்பதே அதற்குத் தெரியவில்லை. ஜெயராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீசல் மிச்சம் பிடிக்க வண்டியே நியூட்ரல் போடுது. ஏக்தம் உங்க பழைய டிரைவருங்க மாதிரியே" என்றார்.

டிரைவர் பிரேக்கைத் தொட்டார். கியர் திரும்ப விழுந்தது. பன்னிரண்டு. "இது தரைண்ணா, பரவாயில்லை. நான் ஸ்ரீசைலம் மலைக்குப் போனா மேலேயே நிறுத்தி 'எம்'ல, நாமே கியர் மாத்தற நிலையில போட்டு, ஆறாவது கியர்ல பூட்டிட்டுத்தான் இறங்குவேன்" என்றார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லல. ஒரு தடவை பயந்தேன். பயத்துல கத்துக்கிட்டேன்."

இறங்கி ரோட்டோரத்தில் நின்றோம். ஜெயராஜ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பாரத்தோடு செங்குத்தான இறக்கத்துக்குள் போகும் முன்பே குமிழை 'எம்'முக்குத் திருப்ப வேண்டும். கீழ்க் கியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கை முதலிலேயே போட வேண்டும். 'டி'யில் விட்டால் வண்டி தானாக நியூட்ரலுக்குப் போகக்கூடும். எல்லாம் அச்சில் இருக்கிறது. அப்படியென்றால் கம்பெனிக்கு இது தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

"இந்தப் பக்கத்தை ஏனுங்க எங்களுக்குச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"பதினோரு பக்கம் சொன்னேன். சாப்பாட்டுக்குள்ளே முடிக்கணும், மத்தியானம் நாமக்கல்ல அடுத்த பேட்ச்னு இங்கேருந்து ஆர்டர். உங்களை லெட்டர்ல மாட்டிவிட்டாரே, அதே சார்தான். சரி, ஓட்டமா ஓட்டியாவது சொல்லிடலாம்னு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அப்ப பிரியாணிப் பொட்டலம் வந்துச்சு." என்னைப் பார்த்தார். "பின் வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்தார். 'ஏனுங்க சார், ஆறிப்போனா வாயில வைக்க முடியாதுங்க, மீதியை நாங்க ரோட்ல பாத்துக்கறமுங்க' அப்படின்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் புத்தகத்தை மூடிட்டேன். யார் அந்த ஆளுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் கேட்ட பிறகுதான் வந்தது. வந்த பிறகு போகமாட்டேன் என்கிறது. எழுந்து நின்றது நான்தான். கை தட்டியது பெருமாள்.

ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மேட்டைத் தாண்டும்போது என் காது என்ஜின் சத்தத்துக்கே போனது.

"எழுதித் தர்றேன்" என்றார் ஜெயராஜ். "கடைசிப் பக்கம் நடத்தலைன்னு. நடத்தாமலே டிக் அடிச்சேன்னு. என் பேரைப் போட்டே எழுதித் தர்றேன்."

"உங்களைப் பிடிப்பாங்களேங்க."

"பிடிக்கட்டும். அந்த மேடத்துக்குச் சொன்னேனே, அது நேத்து ராத்திரி பூரா காதுல கேட்டுட்டே இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து குமரவேலின் மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். அவருக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினார். குமரவேலின் மகள் அதை உரக்கப் படித்துத் தெலுங்கில் எனக்கு விளக்கினாள். என் ஊர் விபத்தை நான் தெலுங்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் மறுபடி அந்த ஆபீஸ். இந்த முறை சோபாவில் உட்காரவில்லை. லிஃப்ட் வாசலில் நின்றேன். அதிகாரி காலையில் வந்ததும் காகிதங்களை நீட்டினேன். கடிதம், சார்ட், புத்தகத்தின் கடைசிப் பக்கம், ஜெயராஜ் எழுதியது. சார்ட்டில் 'டி' இருந்த கட்டத்தைப் பேனாவால் சுற்றி வைத்திருந்தேன்.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அந்தக் கட்டத்தில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன். புதிதாக ஒன்றைப் பார்க்கிற கண் இல்லை அது. பிறகு காகிதங்களை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குப் புரியாது. மெயில் அனுப்புங்கள்" என்றார். வாங்கிக்கொண்டதாக ஒரு கையெழுத்துக் கேட்டேன். போடவில்லை. என் தலைவிதியை எழுதிய கடிதத்தில் பளிச்சென்று போட்ட அதே கையெழுத்து.

கேட்டில் செக்யூரிட்டி என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ சொன்னார். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். மகாராஷ்டிரா ஆள். அவரும் இதே இடத்துலதான் உட்கார்ந்து டீ குடிச்சார்" என்றார். அவர் பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. அவர் எந்த மலையில் இறங்கினாரோ.

ஊர் திரும்பும்போது ரயிலில் தூங்கவில்லை. அலுப்பு உடம்பில் இல்லை. வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெருமாளிடம் சார்ட்டைக் காட்டினேன். டி-யைக் காட்டினேன். பிரியாணியையும் சொன்னேன். அவன் சிரிக்கப் பார்த்தான், வலித்தது, நிறுத்திக்கொண்டான். "நான்தான கை தட்டினேன்" என்றான். அவன் மனைவி அன்றைக்கு எனக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இனி அந்த அதிகாரிக்கு நேராகவே சொல்கிறேன். மெயில் அனுப்ப எனக்குத் தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். படிக்காத பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. பிரியாணிக்காகப் பாடத்தை நிறுத்தச் சொன்னது என் தப்பு. நாலு பேர் படிக்க ஒப்புக்கொள்கிறேன், ஆர்.டி.ஓ. முன்னாலும் ஒப்புக்கொள்வேன். நடத்தாத பாடத்துக்கு டிக் அடித்தவரும் பெயர் போட்டு ஒப்புக்கொண்டுவிட்டார். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்.

என் கை டி-யில் இருந்தது என்று உங்கள் சார்ட்டே சொல்கிறது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டத்தை மட்டும் கடிதத்தில் ஏன் எழுதினீர்கள்? உங்கள் வண்டி தானாக நியூட்ரல் போடும் என்பதை இந்த மலைகளில் இறங்குகிற எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்? எனக்கு முன்னால் வந்த அந்த மகாராஷ்டிரா டிரைவரின் சார்ட்டில் குமிழ் எங்கே இருந்தது? அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசில் என் விசாரணை. அதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள். என் காதில் வந்து சொல்ல வேண்டாம், மெயிலிலும் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, எல்லா டிரைவரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: தொப்பூர் மேட்டில் அந்த லாரியை நியூட்ரலில் போட்டது யார்?